கோபத்தை மறைப்பதை விட்டுவிட்டேன்

மதிய உணவுக்குப் பின் வரும் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில், காரணிப்படுத்துதலை மூன்றாம் முறையாக விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து எழும் சிரிப்பு, பல ஆண்டுகள் என்னை நிலைகுலையச் செய்தது. கத்திய நாட்களில் வகுப்பு அடங்கியது; பாடம் நடக்கவில்லை. பிறகு, கத்துவதில்லை என்று முடிவெடுத்து, முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டேன். அது இன்னும் மோசம். அடக்கிய கோபம் மாலையில் வீட்டில் என் பிள்ளைகள் மீது கொட்டியது.

உணராததை முகத்தில் மட்டும் காட்டுவதை மேலோட்ட நடிப்பு என்றும், உணர்வையே உள்ளிருந்து மாற்ற முயல்வதை ஆழ்நடிப்பு என்றும் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் பிரித்துக் காட்டினார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து அவர் சொன்னது ஆசிரியருக்கும் இவ்வளவு பொருந்தும் என்று நான் எண்ணியதில்லை.

நான் செய்த மாற்றம் சிறியது. கோபம் ஏறும்போது சாக்கட்டியைக் கீழே வைத்து, “எனக்கு இப்போது கோபமாக இருக்கிறது, ஒரு நிமிடம் கழித்துத் தொடர்கிறேன்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நிற்பேன். முதல் நாள் மாணவர்கள் திகைத்துப்போனார்கள். அந்த ஒரு நிமிடத்தில், அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்துத்தானா என்று என்னையே கேட்டுக்கொள்வேன்; பெரும்பாலும் ‘இல்லை’ என்பதுதான் பதில். பாடத்தை அலட்சியம் செய்து உறங்குகிறான் என்று நான் நினைத்திருந்த ஒரு மாணவன், விடியற்காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வருபவன் என்பது அவனை அமைதியாக விசாரித்தபோதுதான் தெரிந்தது.

கத்துவது முற்றிலும் நின்றுவிடவில்லை. சென்ற திருப்புதல் தேர்வு வாரத்தில் இருமுறை குரல் உயர்ந்தது. இரண்டாம் முறை, வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன்.