பிரிட்டிஷ் நவீனத்துவ இலக்கியம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில இலக்கியம் படிக்கும் யாரிடமாவது பிரிட்டிஷ் நவீனத்துவம் (இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் எழுத்து முறையையே மாற்றிய இலக்கியப் போக்கு) பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிதறல், அந்நியமாதல், நனவோடை (மனதில் ஓடும் எண்ணங்களை ஓடும் விதத்திலேயே எழுதும் உத்தி), மரபை உடைத்தல், போரின் பாதிப்பு என்று ஒரு பட்டியல் உடனே வரும். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு வர்ஜீனியா வுல்ஃபைப் பற்றியும் கட்டுரை எழுதலாம், டி.எஸ். எலியட்டைப் பற்றியும் எழுதலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதும். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது, மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. படைப்பைத் தொடும் முன்பே அதன் ‘இயல்பு’களை மனப்பாடம் செய்துவிட்டால், அப்புறம் படிக்கும்போது அவை மட்டும்தான் கண்ணில் படும்.

இவர்கள் ஒரே கட்சிக்காரர்களும் அல்ல. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலை 1922இல் படித்த வுல்ஃப், தன் நாட்குறிப்பில் அதைப் பற்றி எரிச்சலோடு எழுதினார். 1918இல் அதன் கைப்பிரதி வுல்ஃப் தம்பதியிடம் வந்தபோது அவர்களுடைய ஹோகார்த் பிரஸ் அதை ஏற்கவில்லை. கையால் எழுத்துக் கோக்கும் ஒரு சின்ன அச்சகம் தாங்கக்கூடிய நீளம் அல்ல அது. அதே அச்சகம் 1923இல் எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையை வெளியிட்டது. எழுத்துக் கோத்தவர் வர்ஜீனியா வுல்ஃபேதான். எலியட்டோ, டி.எச். லாரன்ஸைத் தன் ‘ஆஃப்டர் ஸ்ட்ரேஞ்ச் காட்ஸ்’ உரைகளில் கடுமையாகத் தாக்கினார். “நவீனத்துவ எழுத்தாளர்கள் கருதினார்கள்” என்று எழுதத் தொடங்கும்போது, இவர்களில் யார் கருதினார்கள் என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

போர்தான் காரணம் என்று முடித்துவிடுவது

முதல் உலகப்போர் வந்தது, பழைய நம்பிக்கைகள் நொறுங்கின, நவீனத்துவம் பிறந்தது. இது பல நோட்ஸ்களில் இருக்கும் கதை. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது நிற்காது. ஜோசஃப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ 1899இல் பத்திரிகையில் தொடராக வந்தது. எலியட்டின் ‘ப்ரூஃப்ராக்’ கவிதை அச்சானது 1915இல் என்றாலும் எழுதப்பட்டது 1910, 1911இல். லாரன்ஸின் ‘சன்ஸ் அண்ட் லவர்ஸ்’ 1913. விண்டம் லூயிஸின் ‘பிளாஸ்ட்’ இதழ் 1914 ஜூலைத் தொடக்கத்தில், பிரிட்டன் போரில் இறங்குவதற்கு ஒரு மாதம் முன்பு வெளிவந்தது. மனித இயல்பு மாறிய காலம் என்று வுல்ஃப் குறிப்பிட்டதும் 1910 டிசம்பரைத்தான். லண்டனில் ரோஜர் ஃப்ரை நடத்திய போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட் ஓவியக் கண்காட்சியை அந்தத் தேதியோடு பலரும் இணைத்துப் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே தொடங்கியிருந்த ஒன்றைப் போர் ஆழமாக்கியது, வேறு திசைக்கும் திருப்பியது. அதனால் போர் காரணமா என்பதோடு நிற்காமல், இந்தப் படைப்பில் போர் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் வருகிறது என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. வுல்ஃபின் ‘டு தி லைட்ஹவுஸ்’ (1927) நாவலின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் கடக்கின்றன. ஆள் இல்லாத வீடு, உள்ளே நுழையும் காற்று, ஈரம், தூசி என்று பக்கங்கள் நகர்கின்றன. நாவலின் மையமாக நாம் நினைத்திருந்த மிஸஸ் ராம்சேயின் மரணம் இதற்கிடையில் சதுர அடைப்புக்குறிக்குள் வருகிறது. அதுவும் தனி வாக்கியமாக வருவதில்லை. கணவர் இருட்டான ஒரு காலையில் நடையில் தடுமாறிக்கொண்டு கைகளை நீட்டுவதைச் சொல்லும் வாக்கியத்துக்குள், முந்தைய இரவே மனைவி இறந்துவிட்ட செய்தி ஒரு துணைத்தொடராக நுழைகிறது. மகன் ஆண்ட்ரூவின் சாவும் இன்னொரு அடைப்புக்குறிக்குள்தான்: பிரான்சில் ஒரு குண்டு வெடித்தது, இருபது முப்பது இளைஞர்கள் சிதறினார்கள், அவர்களில் ஆண்ட்ரூவும் ஒருவன், நல்லவேளையாக உடனே உயிர் போய்விட்டது.

அந்த ‘நல்லவேளையாக’ யாருடைய குரல்? அம்மாவின் குரலாக இருக்க முடியாது. அவர் ஏற்கெனவே இறந்துவிட்டார். மகனை இழந்த வீடுகளுக்கு வந்த ஆறுதல் கடிதங்களின் மொழி அது. அதை அப்படியே எடுத்து அடைப்புக்குறிக்குள் வைக்கிறார் வுல்ஃப். “இந்த நாவலில் எதுவும் நடப்பதில்லை” என்று சொல்பவர்கள் இந்த அடைப்புக்குறிகளை வேகமாகத் தாண்டி வந்தவர்கள்.

இங்கேயே பதிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த நாவலின் லண்டன் பதிப்பும் நியூயார்க் பதிப்பும் 1927 மே 5 அன்று ஒரே நாளில் வந்தன. மிஸஸ் ராம்சேயின் மரணச் செய்தி இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. லண்டன் பதிப்பில் வாக்கியம் தானே தடுக்கி விழுகிறது. கைகளை நீட்டியதை இரண்டு முறை சொல்கிறது, அப்புறம் அவை வெறுமையாகவே இருந்தன என்று தனியாக ஒரு குட்டி வாக்கியம். நியூயார்க் பதிப்பில் எல்லாம் ஒரே வாக்கியமாகச் சீராகிவிடுகிறது. கணவரின் தடுமாற்றத்தை வாக்கிய அமைப்பே காட்டுகிறது என்று லண்டன் பதிப்பை வைத்து எழுதலாம். நியூயார்க் பதிப்பை வைத்துக்கொண்டு அவ்வளவு உறுதியாக எழுத முடியாது. இணையத்தில் கிடைத்த பிடிஎஃப் எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் மேற்கோள் காட்டுவது, நவீனத்துவத்தில் பெரிய தவறு. ‘யுலிசிஸ்’ விஷயத்தில் இது இன்னும் சிக்கல். 1922 பாரிஸ் பதிப்புக்கும் 1984இல் ஹான்ஸ் வால்டர் கேப்லர் பதிப்பித்ததற்கும் இடையே ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் உண்டு.

எல்லாவற்றையும் நனவோடை என்பது

மே சின்க்ளேர் 1918இல் டோரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதியபோதுதான் உளவியலில் இருந்த இந்தக் கருத்து நாவல் விமர்சனத்துக்கு வந்தது. ஜாய்ஸும் வுல்ஃபும் சிலபஸில் இருக்க, ரிச்சர்ட்சன் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார். அதைவிடச் சிக்கல், வெவ்வேறு உத்திகள் எல்லாம் இந்த ஒரே பெயருக்குள் அடைபட்டுவிடுவது.

‘மிஸஸ் டாலோவே’ (1925) தொடங்கும் இடம். பூக்களைத் தானே வாங்கிக்கொள்வதாக மிஸஸ் டாலோவே சொன்னார். அடுத்து, லூசிக்குத்தான் வேலை தலைக்கு மேல் கிடக்கிறதே. கதவுகளைக் கழற்ற வேண்டும், கடை ஆட்கள் வரப்போகிறார்கள். இரண்டாவதை யார் சொல்கிறார்கள்? ‘நான்’ என்ற சொல் இல்லை, மேற்கோள்குறி இல்லை. இலக்கணம் கதைசொல்லியுடையது; அந்த அவசரமும் விருந்துக் கணக்கும் கிளாரிஸாவுடையவை. இதை ஃப்ரீ இன்டைரக்ட் டிஸ்கோர்ஸ் என்பார்கள். ஜேன் ஆஸ்டினிடமே இது உண்டு. வுல்ஃபிடம் புதியது, இந்தக் குரல் ஒருவர் மனதிலிருந்து இன்னொருவர் மனதுக்குத் தாவும் விதம். வானத்தில் விமானம் புகையால் விளம்பரம் எழுதுகிறது. கீழே நிற்பவர்கள் ஆளுக்கொரு சொல்லாக அதைப் படிக்கிறார்கள். கிளாரிஸாவும், போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய செப்டிமஸும் நாவலில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. இருவரையும் இணைப்பது இந்த நகரும் குரல்தான். முழுக்க ஒருவர் தலைக்குள்ளேயே இருக்கும் எழுத்தில் இது சாத்தியமே இல்லை.

இப்போது ‘யுலிசிஸ்’. லியோபோல்ட் புளூம் காலையில் வீட்டு வாசற்படியில் நின்று சாவிக்காகப் பையைத் தடவுகிறார். அங்கே இல்லை. கழற்றிப்போட்ட கால்சட்டையில். எடுக்க வேண்டும். உருளைக்கிழங்கு இருக்கிறது. முதலில் கதைசொல்லி, அடுத்த நொடி புளூமின் தலைக்குள் ஓடும் அரைகுறைச் சொற்கள், நடுவில் எந்த அறிவிப்பும் இல்லை. உருளைக்கிழங்கு எதற்கு? அவர் அதை விளக்க மாட்டார். தன் பையில் இருப்பதைத் தனக்கே யாரும் விளக்கிக்கொள்வதில்லை. அது அம்மாவின் நினைவாக வைத்திருப்பது என்று பல நூறு பக்கங்கள் தாண்டித்தான் தெரியவரும். கைடைத் திறந்து அந்த இடத்திலேயே விடை தேடிக்கொண்டால் ஒரு தகவல் கிடைக்கும், ஆனால் ஜாய்ஸ் திட்டமிட்டுக் கொடுத்த காத்திருப்பு போய்விடும். முதல் வாசிப்பில் புரியாததைப் புரியாமலே கொஞ்ச தூரம் சுமந்து செல்லுங்கள்.

‘தி வேஸ்ட் லேண்ட்’: குறிப்புகளும் சாந்தியும்

1922 அக்டோபரில் ‘தி க்ரைடீரியன்’ இதழில் இந்தக் கவிதை வந்தபோது எலியட்டின் குறிப்புகள் எதுவும் இல்லை. அமெரிக்காவில் ‘தி டயல்’ இதழில் வந்தபோதும் இல்லை. டிசம்பரில் நூலாக வந்தபோதுதான் சேர்ந்தன. இலக்கியத் திருட்டுக் குற்றச்சாட்டு வராமல் இருக்க மேற்கோள்களின் மூலத்தைக் குறிக்க நினைத்ததாகவும், நூலுக்குக் கவிதை மிகச் சிறியதாக இருந்ததால் குறிப்புகளை நீட்டியதாகவும் 1956இல் ஓர் உரையில் எலியட்டே சொன்னார். போலிப் புலமை என்றே அவற்றைக் குறிப்பிட்டார். ஆனால் இன்றும் பலர் குறிப்புகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிக்கும் தாந்தே, ஷேக்ஸ்பியர், போத்லேர் என்று மூலம் கண்டுபிடித்ததும் வாசிப்பு முடிந்ததாக நினைக்கிறார்கள். மூலம் தெரிந்த பிறகுதான் வேலையே இருக்கிறது: அந்த வரி இங்கே வந்து என்ன ஆகிறது?

நம்மூர் வாசகர்களுக்கு இதில் தனியாக ஒரு பள்ளம் உண்டு. கடைசிப் பகுதியில் உபநிடதம் வருகிறது, கடைசி வரியில் மூன்று முறை ‘சாந்தி’ வருகிறது. உடனே, மேற்கின் வறட்சிக்கு எலியட் இந்திய ஞானத்தில் விடை கண்டார் என்று எழுதிவிடுகிறோம். அவர் ஹார்வர்டில் சம்ஸ்கிருதம் படித்தவர், பிருகதாரண்யக உபநிடதத்தை நன்றாக அறிந்தவர் என்பதெல்லாம் உண்மை. அங்கே ‘த’ என்ற ஒரே ஓசையைத் தேவர்கள் தம்யத (அடக்கு) என்றும், மனிதர்கள் தத்த (கொடு) என்றும், அசுரர்கள் தயத்வம் (இரங்கு) என்றும் கேட்கிறார்கள். எலியட் இந்த வரிசையை மாற்றி, மனிதர்களுக்கான ‘கொடு’வை முதலில் வைக்கிறார். ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே வரும் பதிலைப் படியுங்கள். கொடு என்றதும், நாம் என்ன கொடுத்தோம் என்ற கேள்வி. இரங்கு என்றதும், அவரவர் சிறையில் அவரவர், பூட்டில் சாவி திரும்பும் ஓசை. அடக்கு என்ற இடத்தில், படகு இணங்கியது. உன் இதயமும் இணங்கியிருக்கும், அழைத்திருந்தால். அதாவது அழைப்பு நிகழவில்லை. அதன் பிறகும் கவிதையில் பேசுபவர் வறண்ட சமவெளியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தூண்டில் போடுகிறார், லண்டன் பாலம் இடிந்து விழுகிறது, பல மொழிகளின் உடைந்த வரிகள் மோதிக்கொள்கின்றன. அப்புறம்தான் சாந்தி, அதுவும் முன்னால் ஓம் இல்லாமல். அது அடைந்த அமைதியா, வேண்டிய அமைதியா என்பதில் என் சாய்வு இரண்டாவதன் பக்கம். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், ஆனால் இந்த வரிகளைக் கடந்து வந்து சொல்ல வேண்டும்.

பேசுபவரும் எழுதியவரும்

ஆப்பிரிக்கப் பயணம் பற்றிய ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ கதையைத் தேம்ஸ் நதியில் நங்கூரமிட்ட படகில் மார்லோ சொல்கிறார். மார்லோ சொன்னதை நமக்குச் சொல்பவர் பெயரில்லாத இன்னொருவர். மார்லோவின் வாக்கியத்தைக் கான்ராடின் கருத்தாக நேரடியாக ஒட்டுவது தவறு. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே 1975இல் வைத்த இனவெறிக் குற்றச்சாட்டுக்கு “அது மார்லோ பேசுவது” என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவதும் தவறுதான். அச்சேபே அந்த வாதத்தை எதிர்பார்த்து, மார்லோவின் பார்வைக்கு மாற்றாக வேறொரு பார்வையைக் கான்ராட் எங்கும் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தப் பதிலோடு மோதாத கட்டுரை பாதிக் கட்டுரை. வுல்ஃப் தற்கொலை செய்துகொண்டதை வைத்து, நாவலில் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் செப்டிமஸை விளக்குவதும் இதே வகை. வுல்ஃப் இறந்தது 1941இல். செப்டிமஸ் 1925இன் பாத்திரம்.

யாரெல்லாம் பிரிட்டிஷ்?

ஜாய்ஸும் யேட்ஸும் அயர்லாந்துக்காரர்கள். எலியட் செயின்ட் லூயிஸில் பிறந்தவர், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றது 1927இல்தான். கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் நியூசிலாந்து, ஜீன் ரீஸ் டொமினிகா, கான்ராட் போலந்துக் குடும்பம். இவர்களை இணைத்தது பெரும்பாலும் லண்டன் பதிப்பகங்களும் பத்திரிகைகளும். அந்த லண்டனுக்குப் பின்னால் பேரரசு இருந்ததையும் விட்டுவிடக் கூடாது. வர்ஜீனியாவின் கணவர் லியோனார்ட் வுல்ஃப் 1904 முதல் 1911 வரை இலங்கையில் அரசு அதிகாரி. முதலில் பணிபுரிந்த ஊர் யாழ்ப்பாணம். அந்த அனுபவத்திலிருந்து வந்த ‘தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்’ 1913இலேயே வெளியாகிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதிய இந்திய நாவலாசிரியர் முல்க் ராஜ் ஆனந்த் ஹோகார்த் பிரஸ்ஸில் மெய்ப்புப் பார்த்தவர். ப்ளூம்ஸ்பரி (வுல்ஃப் தம்பதி இருந்த லண்டன் எழுத்தாளர், கலைஞர் வட்டம்) பற்றிய கட்டுரையில் இவர்களுக்கு இடம் இல்லையென்றால் படம் முழுமையாகாது.

தொடங்கும் இடம்

‘யுலிசிஸ்’ முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, மூன்றாவது அத்தியாயத்தில் மனம் தளர்ந்து விட்டுவிடுபவர்கள் நிறைய. ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ (1914) தொகுப்பில் ‘அரபி’, ‘தி டெட்’ ஆகிய கதைகளிலிருந்து தொடங்கலாம். அடுத்து மான்ஸ்ஃபீல்டின் ‘ப்ரெலூட்’, எலியட்டின் ‘ப்ரூஃப்ராக்’, பிறகு ‘மிஸஸ் டாலோவே’. ‘தி வேஸ்ட் லேண்ட்’டுக்கு வரும்போது வாய்விட்டுப் படியுங்கள், எலியட்டே படித்த ஒலிப்பதிவும் இருக்கிறது. இரண்டாம் பகுதியின் மதுக்கடைக் காட்சியில், லில் என்ற பெண்ணின் பல்லையும் கணவனையும் பற்றி ஒருத்தி வம்பு பேசிக்கொண்டிருக்க, கடை மூடும் நேரம் என்று கடைக்காரர் குறுக்கே குறுக்கே கத்துகிறார். கண்ணால் படித்தால் குழம்பும் அந்த இடம், இரண்டு குரலாகப் பிரித்துப் படித்தால் எந்த உரைநூலும் இல்லாமலே புரிந்துவிடும்.