350-ஐ 383 ஆக்குவது எப்படி
செவ்ரோலெட் 350 (கன அங்குலக் கொள்ளளவு) வி-8 எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள் என்றால் சிலிண்டரை 0.030 அங்குலம் குடைவதோடு நிறுத்திவிடாதீர்கள், அதில் கூடுவது சுமார் 5 கன அங்குலம்தான். லாபமெல்லாம் ஸ்ட்ரோக்கில், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தில் இருக்கிறது: அந்தக் குடைவோடு, 3.48 அங்குல ஸ்ட்ரோக் உள்ள கிராங்கை (பிஸ்டன்களை இயக்கும் தண்டு) எடுத்துவிட்டு 3.75 போட்டால் 383 வந்துவிடும். குடையும் முன் சிலிண்டர் சுவரின் கனத்தை அளந்துவிடுங்கள். பழைய பிஸ்டன் ஆகாது, அதே ராடோடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) போட்டால் 0.135 அங்குலம் கூடுதலாக மேலேறி ஹெட்டில் இடிக்கும். ராடை இணைக்கும் பின்னுக்கான (pin) துளை உயரமாக உள்ள பிஸ்டனைத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் ஒத்திகையாகப் பூட்டி, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் (ராட் அதில் இடிக்கிறதா என்று பார்க்க) செயினோடு மாட்டி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், ஒரு சுற்றில் கேம் பாதிதான் திரும்பும். ராட் போல்ட் சிலிண்டரின் அடி விளிம்பிலோ பிளாக்கில் ஆயில் பேன் பொருந்தும் ஓரத்திலோ நெருங்கும் இடத்தை மார்க்கரால் குறித்து, 0.060 அங்குல இடைவெளி வரும்வரை கொஞ்சங்கொஞ்சமாகத் தேயுங்கள். இங்கே அவசரமே கூடாது. தேய்த்த தூள் ஒரு துளிகூட இல்லாமல் பிளாக்கைக் கழுவிய பிறகுதான் கடைசிப் பூட்டு.