பழைய பிக்கப் வாங்குகிறீர்களா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்டுப் பாருங்கள்

ஒன்ராறியோவுக்கு வந்து, வீடு திருத்தும் வேலை, டைல்ஸ், பெயின்டிங், புல்வெட்டு என்று இறங்குகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே தேடத் தொடங்குவது ஒரு பழைய பிக்கப் ட்ரக். ஃபோர்டு எஃப்-150, செவி சில்வராடோ, டாட்ஜ் ராம், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் கைக்கு வரும். மூன்றும் நன்றாக உழைக்கும் வண்டிகள். ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒரு வியாதி உண்டு: எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து பைப்புக்கு அனுப்பும் எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டோ (தலையில்லாத, மரையுள்ள கம்பி) போல்ட்டோ துருப்பிடித்து உடைவது. ஊரில் பல வருடம் வண்டி ஓட்டியவர்களுக்குக்கூட இது புதிதாக இருக்கும். காரணத்தில் பாதி, இங்கே குளிர்காலம் முழுக்க றோட்டில் கொட்டுகிற உப்பு.

மீதிப் பாதி சூடு. மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, அது பொருந்தியிருக்கும் எஞ்சின் ஹெட் (எஞ்சினின் மேல்பாகம்) அலுமினியம். சூடானால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒவ்வொரு முறை ஓடி நிற்கும்போதும் நடுவில் இருக்கிற ஸ்டட் பக்கவாட்டில் இழுபடுகிறது. அதில் துருவும் சேர்ந்தால் ஒருநாள் ‘டக்’கென்று போய்விடும். ஃபோர்டின் 5.4 லிட்டர், செவியின் 5.3, ராமின் 5.7 ஹெமி, இந்த மூன்று எஞ்சினும் இதற்குப் பேர் போனவை. பெரும்பாலும் உடைவது கேபின் பக்கம் இருக்கும் கடைசி ஸ்டட்தான், கையும் ஸ்பானரும் எட்டாத இடத்தில்.

இதைக் கண்டுபிடிக்கக் காதே போதும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதே வேகத்தில் கூடும். சில நிமிடம் ஓடியதும் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடும், சத்தமும் போய்விடும். விற்பவர்கள் சிலர், நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைப்பது இதனால்தான். “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் முதல் வேலையாக பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு டார்ச் லைட். மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் கோட்டில் கரி படிந்திருக்கிறதா, போல்ட்டின் தலை எங்கேயாவது காணாமல் போயிருக்கிறதா பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ‘டிக்’ நிற்கவில்லை என்றால் பிரச்சினை எஞ்சினுக்குள்ளேயே, வால்வை இயக்கும் லிஃப்டரில் இருக்கலாம். ஹெமியில் இதைக் கட்டாயம் பாருங்கள். அது பல மடங்கு செலவு.

சத்தம்தானே, ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கேபினுக்கு அருகில் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்காலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின் சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் இங்கே ஓட்டுவோம். எக்ஸோஸ்ட் கசிகிற வண்டிக்கு சேஃப்டி சான்றிதழும் (வண்டி ஓட்டப் பாதுகாப்பானது என்று கராஜ் தரும் தாள்) தரக்கூடாது. அது இல்லாமல் உங்கள் பெயரில் வண்டியை ஓட்டத் தகுதியாகப் பதிய முடியாது. சான்றிதழ் எடுத்தாலும் அது 36 நாளுக்குத்தான் செல்லும் என்பதால், மாதக்கணக்கில் பழைய சான்றிதழைக் காட்டி விற்பவரை நம்ப வேண்டாம். தனியார் விற்பவர் 20 டொலர் கொடுத்து எடுக்கும் வாகனத் தகவல் கட்டையும் (Used Vehicle Information Package) உங்களிடம் தர வேண்டும். பதியும்போது 13 வீத வரியும் உண்டு. விலை பேசும்போது இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, வண்டியை வாங்கியாயிற்று, சத்தம் இருக்கிறது. ஸ்டட்டும், இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டும் பெரிய விலை இல்லை. காசு போவது வேலைக்கூலியில், மணிக்கணக்கில்தான். உடையாமல் கழன்றால் ஒரு கணக்கு, ஹெட்டுக்குள் உடைந்து நின்றால் வேறு கணக்கு. அதனால் கராஜில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “அண்ணை, கழற்றும்போது ஸ்டட் உடைந்தால் எப்படி எடுப்பீங்கள், அதற்கு எவ்வளவு வரும்?”

நல்ல பதில் இப்படி இருக்கும்: உடைந்த துண்டின் முகத்தில் ஒரு வாஷரை வைத்து வெல்டிங், அதன்மேல் ஒரு நட்டை வைத்து இன்னொரு வெல்டிங். வெல்டிங்கின் சூடு துருவின் பிடியைத் தளர்த்தும். கொஞ்சம் ஆறியதும், பல் பிடுங்குகிறவர் ஆட்டிப் பார்ப்பதுபோல நட்டை முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்பினால் துண்டு வந்துவிடும். “துளை போட்டு ஈஸி அவுட் (உடைந்த துண்டைப் பிடித்துத் திருகி எடுக்கும் கருவி) விடுவோம்” என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள். துருப்பிடித்த ஸ்டட்டில் ஈஸி அவுட் முறிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரண ட்ரில் பிட் தொடாது. ட்ரில் நழுவிப் பக்கத்து அலுமினியத்தைத் தின்றால் ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

மேனிஃபோல்ட் வளைந்திருக்கிறதா என்று நேரான விளிம்புள்ள பட்டையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்ததை அப்படியே இறுக்கினால் புது ஸ்டட்டும் உடையும். எஃகு அடுக்கு கேஸ்கட்டை உலர்வாகவே போட வேண்டும்; சிலிக்கன் பசை பூசுவது வெட்டி வேலை. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்க வேண்டும். செவி 5.3-க்கு முதல் சுற்று 11, இரண்டாம் சுற்று 18 அடி-பவுண்ட், அவ்வளவுதான். பலம் இருக்கிறது என்று இழுக்கிற இடமில்லை இது.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி இறுதி பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கலாம். போட்ட புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. தெரிந்தவர், ஊர்க்காரர் என்று கூச்சப்பட்டு பில் வாங்காமல் வருவது நம்மிடையே நிறைய நடக்கிறது. பில் இல்லாவிட்டால் இந்த உரிமைகளை நிரூபிக்க வழியில்லை.

ஊரில் ஸ்பானர் பிடித்த கை என்றால் நாமே செய்யலாமே என்று ஆசை வரும். மேனிஃபோல்டைத் தொடாமல், அதற்குக் கீழே பைப் சேரும் ஃபிளாஞ்சில் (இணைப்புத் தட்டில்) இருக்கும் நட்டையும் வளைய கேஸ்கட்டையும் மாற்றுவது வீட்டில் முடிகிற வேலை. முந்தின நாள் இரவே துருவுக்குள் இறங்கும் பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊற விடுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் வேண்டாம், ஆறு மூலைதான் துருப்பிடித்த நட்டைப் பிடிக்கும். எடுத்ததும் கழற்றப் பார்க்காமல், முதலில் ஒரு துளி இறுக்கிப் பாருங்கள். ‘கிறீச்’ என்று சத்தம் வந்தால் துரு விட்டுவிட்டது, இனி கழற்றலாம். அசையாவிட்டால் நட்டை மட்டும் சூடாக்கித் திரும்பவும் முயலலாம், ஆனால் பக்கத்தில் பெட்ரோல் குழாய் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. வண்டியை ஜாக்கில் மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ட்ரைவ்வேயில் இறங்குவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காண்டோ பார்க்கிங்கில் பொதுவாக இதற்கு அனுமதி இல்லை.

புது நட் போடும்போது மரையில் நிக்கல் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) கொஞ்சம் தடவினால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டமாட்டார். ஒவ்வொரு வருடமும் பனிக்கு முன்னால் அடிப்பகுதிக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பதும் காசுக்கேற்ற பலன் தரும். அடித்த முதல் ஓரிரு நாள், சூடான பைப்பில் விழுந்த எண்ணெய் புகைந்து நாறும். அது கசிவு இல்லை, தானாகப் போய்விடும்.