அணு எண் தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது

நடுநிலை அணுவில் புரோட்டான், எலக்ட்ரான், நியூட்ரான் மூன்றின் எண்ணிக்கையையும் தனித்தனியாகத் தேட வேண்டாம். அணு எண்தான் புரோட்டான். எலக்ட்ரானும் அதே எண். நிறை எண்ணிலிருந்து அதைக் கழித்தால் நியூட்ரான். சோடியம்-23-ன் அணு எண் 11. ஆக 11 புரோட்டான், 11 எலக்ட்ரான், 23−11=12 நியூட்ரான்.

மொத்த மின்சுமை பூஜ்யமாக வேண்டுமென்றால் புரோட்டானும் எலக்ட்ரானும் சமமாக இருந்தே தீர வேண்டும். நிறை எண் என்பது அணுக்கருவில் உள்ள துகள்களின் எண்ணிக்கை மட்டுமே. எலக்ட்ரான் அதில் சேராது.

மார்க் போவது பெரும்பாலும் நிறை எண்ணில்தான். தனிம வரிசை அட்டவணையில் இருப்பது ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணுக்கள்) சராசரி நிறை. புரோமினுக்கு (அணு எண் 35) 79.9 என்று பார்த்து 80 ஆக்கி, 45 நியூட்ரான் என்று எழுதிவிடுவார்கள். இயற்கையில் கிடைப்பதோ புரோமின்-79, புரோமின்-81, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. நியூட்ரான் 44 அல்லது 46. அதனால் கேள்வியில் நிறை எண் கொடுத்திருந்தால் அட்டவணைப் பக்கமே போகாதீர்கள்.

அயனி (எலக்ட்ரானை இழந்த அல்லது பெற்ற அணு) என்றால் எலக்ட்ரானை மட்டும் திருத்துங்கள்: சோடியம் அயனியில் (ஒரு நேர்மின்சுமை) 10, குளோரின் அயனியான குளோரைடில் (ஒரு எதிர்மின்சுமை) 17-க்குப் பதில் 18. மற்ற இரண்டும் மாறாது.