பழைய மஸ்டாங் பாடி வேலை: பெயிண்ட் அடிக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

1965 முதல் 1968 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். இதன் தகடுகள் பெரும்பாலும் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அதனால் முதல்முறையாக மசில் கார் (பெரிய எஞ்சின் கொண்ட பழைய அமெரிக்க வேகக் கார்) பாடி வேலையில் இறங்குபவர்களில் நிறையப் பேர் இந்த வண்டியைத்தான் வாங்குகிறார்கள். பாதியில் நின்றுபோன வண்டிகளைப் பார்த்தால் கைத்திறன் போதாமல் கெட்டவை குறைவு. ஒரு வேலையை அதன் முறை வருவதற்கு முன்பே செய்ததால் கெட்டவையே அதிகம்.

கண்ணில் படும் துருவை முதலில் சரிசெய்வது

வாங்கியதும் எல்லோர் கண்ணும் பின்சக்கர வளைவில் கொப்பளித்திருக்கும் பெயிண்ட் மேல்தான் போகும். ஆனால் மஸ்டாங்கில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கௌல். பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே, மேல் தகடும் கீழ் தகடும் சேர்ந்து பெட்டிபோல் இருக்கும் பகுதி அது. அதன் மேலுள்ள கீற்றுகள் வழியே வண்டிக்குள் காற்று போகும், மழைநீரும் கூடவே போகும். நீர் இரு ஓரங்களிலும் வழிந்து வெளியேற வேண்டும். காற்று மட்டும் உள்ளே இறங்குவதற்காக, கீழ் தகட்டில் உள்ள துளையைச் சுற்றி விளிம்பு உயர்த்தப்பட்டிருக்கும். அந்த விளிம்பைச் சுற்றி இலையும் மண்ணும் தேங்கி, ஈரம் காயாமல் கிடந்து, தகடு அரித்துப்போகும். பிறகு ஒவ்வொரு மழையும் நேராகக் கால் வைக்கும் தளத்தில்தான் இறங்கும்.

இதைக் கவனிக்காமல் தளத் தகட்டை மட்டும் மாற்றினால் புதுத் தகடும் அதே வழியில் போய்விடும். சோதிப்பது எளிது. ஒருவர் டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொள்ள, இன்னொருவர் கீற்றுகளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் கௌலைத் திறந்தாக வேண்டும். முன் ஃபெண்டர்களையும் கண்ணாடியையும் கழற்றி, மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை (தகடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்திருக்கும் பற்றுகளை) 10 மி.மீ. கட்டரால் ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கும் வேலை இது. சலிப்பூட்டும், ஆனால் மாற்று வழி இல்லை. துளையின் மேல் ஒட்டிவிடச் சொல்லி விற்கப்படும் பிளாஸ்டிக் வளையங்கள், சுற்றியுள்ள தகடு நன்றாக இருந்தால் மட்டுமே பயன்படும்.

அடுத்து ஃபிரேம் ரெயில் (தளத்தோடு பற்றவைத்த நீளச் சட்டம்), ராக்கர் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி), டார்க் பாக்ஸ் (ரெயிலையும் ராக்கரையும் இணைக்கும் பெட்டி) ஆகியவற்றின் அடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வெளித்தகட்டில் துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் பழைய பட்டி தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்திலேயே அடையாள எண்களையும் குறித்துப் படம் எடுத்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கத்து உள் ஃபெண்டர் ஏப்ரனில் (எஞ்சின் பகுதியின் பக்கச் சுவரில்) வண்டி எண், அதாவது தயாரிப்பாளர் கொடுத்த VIN, பொறிக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் கதவில் நிறம், உள்ளலங்காரம், அச்சு விகிதம் போன்றவற்றைக் குறிக்கும் தகடு ரிவிட் அடித்திருக்கும். துருப்பிடித்த ஏப்ரனையோ கதவையோ அப்படியே பழைய இரும்புக்குப் போட்டால் வண்டியின் அடையாளமும் சேர்ந்து போய்விடும். வண்டி எண்ணை நீக்குவதோ மாற்றுவதோ அமெரிக்காவில் ஃபெடரல் சட்டப்படி குற்றம். எண் உள்ள பகுதியை வெட்டியே ஆக வேண்டுமானால், முதலில் அந்த மாநிலப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாங்கல் கொடுக்காமல் வெட்டுவது

செவெல், ஜிடிஓ போன்ற அக்கால அமெரிக்க கார்களில் பாடிக்குக் கீழே தனிச் சேஸிஸ் உண்டு. 1967–69 கமாரோவில் முன்பாதிக்கு மட்டும் போல்ட் போட்ட துணைச் சட்டம் உண்டு. மஸ்டாங்கில் இரண்டுமே இல்லை. தளமும் உள் ராக்கரும் டார்க் பாக்ஸும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அவற்றை வெட்டியதும் பாடி நடுவில் தொய்யும். கூரை இல்லாத கன்வெர்டிபிளில் இது இன்னும் மோசம். அதே நிலையில் புது ராக்கரைப் பற்றவைத்துவிட்டால் தொய்வு நிரந்தரமாகிவிடும், கதவு பிறகு எப்போதும் சரியாக மூடாது.

வண்டியைச் சமதளத்தில், எடை அச்சுகள் இருக்கும் இடத்தில் இறங்கும்படி நிறுத்துங்கள். கதவுத் திறப்பின் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு 25 மி.மீ. சதுரக் குழாயைப் பற்றவையுங்கள். இடமிருந்து வலமாகக் குறுக்கேயும் ஒன்று வேண்டும். குழாய் கதவுக்குத் தடையில்லாமல் உள்பக்கமாக இருக்கட்டும், ஏனென்றால் வேலை முழுக்கக் கதவை மூடிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கம் பற்றவைத்து முடியும் வரை மறுபக்கத்தை வெட்டாதீர்கள்.

புதுத் தகட்டை நம்பிப் பழையதை வெட்டி எறிவது

புதிதாக வரும் குவார்ட்டர் பேனல் (கதவுக்குப் பின்னால் பின்சக்கரத்தை மூடும் தகடு) எல்லாம் பழைய வளைவோடு அச்சாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழையதை முழுக்க வெட்டிவிட்டுப் புதியதை வைத்துப் பார்க்கும்போது விளிம்பு 10 மி.மீ. குறைந்தால், ஒப்பிட்டுப் பார்க்கக்கூட எதுவும் மிஞ்சியிருக்காது. புதியதைப் பழையதின் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு, கதவையும் டிக்கியையும் மூடி, பின்விளக்குச் சட்டம், பம்பர், அலங்காரப் பட்டைகள் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்த பிறகே கோடு போட வேண்டும். முதல் வெட்டில் கோட்டுக்கு உள்ளே 25 மி.மீ. விட்டுவிடுங்கள். கடைசியில் இரண்டு தகடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்தே வெட்டினால் இடைவெளி சீராக வரும்.

ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிப் பற்றவைப்பது சுலபம்தான். ஆனால் இரு தகடுகளுக்கும் நடுவே ஈரம் தங்கும், வெயிலில் இரட்டைத் தடிமன் வேறு விதமாக விரிந்து பெயிண்டில் கோடாகத் தெரியும். விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பதே சரி. மிக் மெஷினில் 0.6 மி.மீ. கம்பி, 75 சதவீதம் ஆர்கன், 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. இந்த வெளித்தகடுகள் ஏறத்தாழ 0.9 மி.மீ. தடிமன்தான், தொடர்ந்து இழுத்தால் நெளிந்துவிடும். ஒரு புள்ளி வைத்துவிட்டு ஒரு சாண் தள்ளி அடுத்த புள்ளி வையுங்கள். கை வைத்துப் பார்த்து, சூடு ஆறிய பிறகே பக்கத்துப் புள்ளி. ஈரத்துணியால் குளிர வைக்க வேண்டாம். வெல்டு ஆறும்போது சுருங்கி இழுப்பதுதான் நெளிவுக்குக் காரணம். பின்னால் டோலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டையை) வைத்து வெல்டு மேலேயே தட்டினால் சுருங்கியது மறுபடி விரியும். கிரைண்டரை மேடு மேல் மட்டும் ஓட்டுங்கள். பக்கத்துத் தகட்டைத் தேய்த்து மெலிய வைத்தால் அடுத்த வெல்டில் ஓட்டைதான் விழும்.

ஸ்பாட் வெல்டு இருந்த மடிப்புகளில் 8 மி.மீ. துளையிட்டு அதை நிரப்பிப் பற்றவையுங்கள். ஒட்டும் முகங்களில் துத்தநாக பிரைமர் வேண்டும், துளைக்குள் மட்டும் அதைச் சுரண்டிவிடுங்கள்.

கூரையும் குவார்ட்டரும் சேரும் இடத்தில் ஃபேக்டரியிலேயே ஈயம் நிரப்பியிருப்பார்கள். அதை டிஸ்க் சாண்டரால் தேய்ப்பது ஆபத்து, ஈயத்தூள் நுரையீரலுக்குள் போகும். உருக்கி வழித்து, மிச்சத்தைப் பாடி அரத்தால் எடுக்க வேண்டும், அதுவும் முகமூடியோடு. புதிதாக ஈயம் போட்டால், அது ஒட்டுவதற்காகத் தடவும் ஃபிளக்ஸின் அமிலத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவிக் காயவிடுங்கள். விட்டுவிட்டால் சில மாதத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும்.

பெயிண்டை உரிப்பதும் பட்டியும்

பானட், கூரை, கதவு போன்ற அகலத் தகடுகளில் சாண்ட் பிளாஸ்டிங் வேண்டாம். மணல் துகள்கள் மேற்பரப்பைத் தட்டித் தட்டி விரிப்பதால் தகடு அலையலையாகிவிடும், பிறகு எத்தனை பட்டி போட்டாலும் தெரியும். ரெயில், உள்கட்டமைப்பு ஆகியவற்றுக்கு அதுவே சிறந்தது. அகலத் தகடுகளுக்கு ரசாயன ஸ்ட்ரிப்பர் போதும். வெறும் தகடு தெரிந்த அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள், இரவு முழுக்க விடவேண்டாம்.

பட்டி 3 மி.மீ. தடிமனைத் தாண்டினால் அந்தத் தகட்டுக்கு டிங்கரிங் இன்னும் பாக்கி இருக்கிறது. பட்டி இறுகக் கலக்கும் ஹார்ட்னர் எடையில் 2 சதவீதம் அளவுதான். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால் வெளிர் நிறங்களில் மஞ்சள் கறை மேலே ஊறி வரும். பட்டி தண்ணீரை உறிஞ்சும், அதனால் அதை ஈரத் தேய்ப்பு செய்யக் கூடாது. உப்புத்தாள் 80, 180 என்று உலர்வாகவே தேய்த்து, பிரைமருக்குப் பிறகுதான் 400, 600 எண்களில் தண்ணீர் தொடலாம்.

கடைசியில் இடைவெளி பார்ப்பது

பெயிண்ட் அடித்த பிறகு கதவைப் பொருத்த ஆரம்பிப்பவர்கள் முதல் நாளே விளிம்பில் பெயிண்டைச் சிராய்த்துவிடுவார்கள். பட்டி வேலைக்கு முன்பே எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். வரிசை பின்னாலிருந்து முன்னால்: முதலில் கதவைக் குவார்ட்டருக்கும் ராக்கருக்கும் சரிசெய்து, பிறகு கதவுக்கு ஏற்ப முன் ஃபெண்டர், ஃபெண்டருக்கு ஏற்ப பானட். முன்னால் தொடங்கினால் பிழை முழுதும் கதவின் பின் விளிம்பில் வந்து சேரும், அங்கே நகர்த்த எதுவும் இருக்காது. புது ரப்பர் பீடிங்கையும் மாட்டியே பாருங்கள். சில மறுதயாரிப்பு ரப்பர்கள் தடிமனாக இருந்து கதவை வெளியே தள்ளும். எல்லா இடத்திலும் 5 மி.மீ. சீராக வந்தால் தாராளம். 1960களின் ஃபேக்டரி வேலையே அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை, இன்றைய காரின் இடைவெளியைத் துரத்துவது நேர விரயம்.

பெயிண்ட் பற்றிச் சொல்ல இரண்டே. வேலை இடத்தில் சிலிக்கான் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது, மேற்பரப்பில் மீன்கண் போலக் குழி விழும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு கூறு பெயிண்டுகளில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருப்பதால் சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். அடித்து முடித்ததும் ராக்கர், கதவு, குவார்ட்டர் உள்பக்கங்களில் கேவிட்டி மெழுகை (உள்ளறைகளில் துரு வராமல் தடுக்கும் மெழுகை) ஊட்டுங்கள். அது உறைவதற்கு முன் அடியிலுள்ள ஒவ்வொரு வடிகால் துளையிலும் ஒரு கம்பியை விட்டு எடுங்கள். சீலரும் மெழுகும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் ராக்கருக்குள் போகும் நீர் அங்கேயே நிற்கும்.