பெரிய மரத்துக்குக் கம்பி கட்டுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்கு வளர்ந்த ஒரு மரத்தில், இரண்டு தண்டுகள் பிரியும் கவட்டையில் விரிசல் தெரிகிறது. காற்றடிக்கும்போதெல்லாம் அது வாய் பிளந்து மூடுகிறது. வெட்ட மனம் வரவில்லை. அதனால் கையில் கிடைத்த இரும்புக் கம்பியை இரண்டு தண்டுகளையும் சுற்றிக் கட்டி முறுக்கிவிடுகிறோம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் சில ஆண்டுகளில் அந்தக் கட்டே மரத்துக்கு எமனாகிவிடும்.

பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய உயிர்ப்படலம் வழியாகத்தான் இலையில் உருவான உணவு கீழே வேர்வரை இறங்குகிறது. தண்டு ஆண்டுக்கு ஆண்டு பருக்கிறது, கம்பி பருப்பதில்லை. கம்பி பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்க, உணவு அங்கேயே தடைபட்டு மேல்பக்கம் வீங்கும், கீழ்ப்பக்கம் மெலியும். ஒரு பலத்த காற்று வந்தால் சரியாக அந்தக் கழுத்தில்தான் முறியும். கம்பிக்கு அடியில் ரப்பர் குழாயோ பழைய டயர்த் துண்டோ சாக்கோ வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நெரிபடுவதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

அப்படியானால் என்ன செய்வது? தண்டின் குறுக்கே துளையிட்டு, வளையம் வைத்த போல்ட்டை நுழைத்து, மறுபக்கம் வாஷரும் நட்டும் போட்டு, இப்படி இரண்டு தண்டுகளிலும் போட்ட வளையங்களுக்கு இடையே கேபிளைப் பூட்டுவதுதான் முறை. உயிருள்ள மரத்தைத் துளைப்பதா என்று முதலில் மனம் கூசும். எனக்கும் கூசியது. ஆனால் துளை ஓர் இடத்துக் காயம், சுற்றுக்கட்டு முழுச் சுற்றளவுக்கும் காயம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ 1977-இல் வெளியிட்ட கையேட்டில் விளக்கியது இங்கே உதவும். மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர் எழுப்பி, அழுகலை உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தைப் போர்த்துகிறது. நல்ல மரத்தில் போட்ட சிறிய துளையை அதனால் சமாளிக்க முடியும். துளையிடாமல் அகலமான செயற்கைநார்ப் பட்டைகளால் கட்டும் முறையும் உண்டு. தண்டு பருக்க இடம் விட்டு, அவ்வப்போது பார்த்துத் தளர்த்திவிட ஆள் இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இதே காரணத்தால், உள்ளே பொந்தாகவோ அழுகியோ இருக்கும் இடத்தில் துளையிடுவது பெரிய தவறு. மரம் பாடுபட்டு எழுப்பிய தடுப்புச் சுவரை நாமே ஓட்டையிட்டு அழுகலுக்கு வழி திறந்துவிடுகிறோம். போல்ட்டுக்கும் அங்கே பிடிமானம் இருக்காது. போல்ட்டுக்குப் பதிலாக மரைபோட்டுத் திருகி இறக்கும் கொக்கிகளைப் பயன்படுத்தினால், அவற்றை வைரம் பாய்ந்த, சேதமில்லாத மரத்தில் மட்டுமே போட வேண்டும்.

சரி, எந்தக் கவட்டைக்குக் கட்டு தேவை? ‘யு’ வடிவில் விரிந்த கவட்டை பெரும்பாலும் பலமானது. கவலைப்பட வேண்டியது, ஏறக்குறைய ஒரே பருமனுள்ள இரண்டு தண்டுகள் ‘வி’ வடிவில் நெருக்கி எழும் இடம். அங்கே இரண்டு தண்டுகளின் பட்டையும் உள்பக்கமாக மடிந்து மாட்டிக்கொள்ளும். மரத்தோடு மரம் சேர வேண்டிய இடத்தில் பட்டையோடு பட்டை ஒட்டி நிற்கும். கவட்டையின் இருபுறமும் காது மடல்போலப் புடைத்திருந்தால், அந்தப் பலவீனத்தை ஈடுகட்ட மரம் கூடுதல் மரத்தை வளர்த்திருக்கிறது என்று பொருள்.

இந்த இடத்தில் நல்ல தோட்டக்காரர்கள்கூடச் செய்யும் ஒரு தவறு உண்டு. கவட்டைக்கு மேலே இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் ஒரு கிளை குறுக்கே உரசிக்கொண்டு, சில சமயம் ஒட்டியே வளர்ந்திருக்கும். உரசும் கிளையை வெட்ட வேண்டும் என்று படித்ததை நம்பி அதை எடுத்துவிடுவார்கள். அந்தக் கிளைதான் அதுவரை மரம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டு. அது தாங்கியதால்தான் கீழே கவட்டை பலப்படாமலே இருந்திருக்கும். ஆகவே வெட்டும் முன் அண்ணாந்து பாருங்கள்.

அடுத்தது உயரம். ஏணி எட்டும் உயரத்தில், கவட்டைக்குச் சற்று மேலே கட்டிவிட்டு இறங்குவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நெம்புகோல் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் இதன் பிழை புரியும். காற்று தள்ளுவது உச்சியை. பிளவுக்கு அருகே கட்டினால் அத்தனை விசையையும் மிகக் குறுகிய கை தாங்க வேண்டும், கேபிள் அல்லது போல்ட் பிய்த்துக்கொள்ளும். கவட்டையிலிருந்து உச்சிவரை உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கட்டுவது வழக்கம். கவட்டை 6 மீட்டரிலும் உச்சி 18 மீட்டரிலும் இருந்தால் இடைத்தூரம் 12 மீட்டர். அதில் 8 மீட்டர் ஏறினால், தரையிலிருந்து 14 மீட்டரில் கேபிள் வரும். அந்த உயரத்தில் தண்டு போதிய பருமனோடும் நலமாகவும் இருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் ஆசை மிஞ்சிவிடுகிறது. வீணைத் தந்திபோல விறைப்பாக இழுத்துக் கட்டினால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் மரம் ஆடி ஆடித்தான் பலம் பெறுகிறது. காற்றில் வளையும் இடங்களில் அது கூடுதலாகப் பருக்கிறது. ஆட்டத்தை முழுக்க நிறுத்தினால் அந்த வளர்ச்சியும் குறையும், கேபிளுக்கு மேலுள்ள பகுதி தனியே முறியவும் கூடும். தொளதொளவென்று விட்டாலோ, காற்றில் தண்டு வேகமாக ஓடி வந்து கேபிளை வெடுக்கென்று இழுக்கும். அந்த அதிர்ச்சிக்கு எஃகே அறுந்துவிடலாம். தொய்வு நீங்கும் அளவுக்கு இழுத்தால் போதும். இலை நிறைந்த காலத்தில் கிளைகள் கனத்துத் தாழ்ந்து விலகும், உதிர்ந்தபின் மேலெழும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிளந்த கவட்டைக்கு எஃகுக் கேபிள் ஏற்றது. பிளவு இன்னும் வராமல் சந்தேகம் மட்டும் இருந்தால், சற்று நீண்டு கொடுக்கும் செயற்கைநார்க் கயிறு மரத்தை ஆடவிட்டுக் காக்கும். அது வெயிலில் நலிவடையும், தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் முடிந்ததும் மாற்ற வேண்டும்.

பூட்டுவதில் கவனிக்க வேண்டியவை சில. போல்ட்டும் கேபிளும் ஒரே நேர்க்கோட்டில் இழுபட வேண்டும், கோணலாக இழுத்தால் வளையம் வளைந்து முறியும். ஒரு வளையத்தில் ஒரு கேபிள் மட்டும்தான். மூன்று தண்டு மரத்தில் முக்கோணமாகக் கட்டினால் எல்லாம் ஒன்றையொன்று தாங்கும்.

பிளந்த கவட்டையின் ஊடாக மரைபோட்ட இரும்புக் கம்பியைச் செலுத்தி இருபுறமும் நட் போடுவது இன்னொரு முறை. அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால், மேலே ஆடும் பாரத்துக்குக் கம்பியே நெம்புமுனையாகி, தண்டு அதற்கு மேலே உடையும். பெரிய மரத்தில் கம்பியோடு மேலே கேபிளும் இருந்தே ஆக வேண்டும்.

கீழிருந்து முட்டுக் கொடுப்பது மிகப் பழைய வழி. ஆலமரம் விழுது விட்டுத் தானே செய்துகொள்வதும் அதைத்தான். இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டிலுள்ள பெரிய ஓக் மரத்துக்கு 1908-இல் சங்கிலி கட்டினார்கள், பின்னர் முட்டுகள் வந்தன. முட்டின் தலை ஒடுங்கியிருந்தால் பட்டையைக் குத்தும். அகலமான மெத்தை வைத்த தாங்கி வேண்டும், கால் மண்ணில் புதையாதபடி அடித்தளமும் வேண்டும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தும் வீணாகும் ஒரு நிலை உண்டு. கோளாறு வேரில் இருந்தால் கேபிளால் ஒன்றும் ஆகாது. அடிமரத்தில் காளான் முளைப்பது, ஒருபக்கம் மண் மேலெழும்பி வெடிப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். அந்த மரத்தில் இரண்டு தண்டுகளையும் கட்டினால் இரண்டும் சேர்ந்தே சாயும். அதேபோல, பாரத்தைக் குறைக்காமல் கட்ட ஆரம்பிப்பதும் தவறு. நீண்ட கிளைகளின் நுனியைப் பக்கக்கிளைவரை அளவாகக் கழித்தால், சில மரங்களுக்குக் கேபிளே தேவைப்படாது. உச்சியை மொட்டையடிப்பதும், உள்கிளைகளை உருவிவிட்டு நுனியில் மட்டும் கொத்தாக விடுவதும் நேர்மாறான பலனையே தரும். அப்புறம், பிளந்த தண்டில் விசை அடைபட்டு நிற்கும். அதில் ஏறிச் செய்யும் வேலை பயிற்சி பெற்றவர்களுடையது.

கட்டியபின் மறந்துவிடுவதுதான் நான் அதிகம் வருந்தும் தவறு. ஆண்டுக்கு ஒருமுறையும் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இருநோக்கியால் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். மரம் உயர உயர, சரியாக இருந்த கேபிள் தாழ்வாகிவிடும். அப்போது மேலே புதியதைப் போடுங்கள். பழையதை அவிழ்ப்பதானால் புதியது பூட்டிய பிறகுதான். பல ஆண்டுகள் கேபிளில் சாய்ந்து பழகிய தண்டு, அதை எடுத்த வேகத்தில் பிளந்துவிடலாம்.

முன்பு யாரோ சுற்றிய கம்பி ஏற்கெனவே பட்டைக்குள் புதைந்திருந்தால், பிடுங்கி எடுக்கப் பார்க்காதீர்கள். ஒட்டிய பட்டையும் கூடவே கிழிந்து வரும். மாற்றுக் கேபிளை முறையாகப் பூட்டிவிட்டு, இரு தண்டுகளுக்கும் நடுவே வெளியில் தெரியும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, புதைந்ததை அப்படியே விடுங்கள். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். என்றாவது அந்த மரத்தில் ரம்பம் வைப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.