பிராந்திய நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி: கிழக்கு ஆப்பிரிக்க அனுபவம் தரும் வழிகாட்டுதல்

கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்புக்காக டான்சானியாவின் அருஷா நகரில் கூடும் கிழக்கு ஆப்பிரிக்கச் சட்டப்பேரவைக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. ஒவ்வோர் உறுப்பு நாட்டின் நாடாளுமன்றமும் 9 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. புருண்டியானாலும் காங்கோ ஜனநாயகக் குடியரசானாலும் எண்ணிக்கை அதேதான். வாக்காளர்களுக்கும் அந்தப் பேரவைக்கும் இடையே இருக்கும் ஒரே பாலம் நாட்டு நாடாளுமன்றத்தில் ஒரு நாள் நடக்கும் அந்த வாக்கெடுப்பு மட்டுமே என்பதால், அதை எப்படி நடத்த வேண்டும் என்பதை ஒவ்வோர் உறுப்பினரும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதலில் 1999ஆம் ஆண்டு கையெழுத்தான கிழக்கு ஆப்பிரிக்க சமூக ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். அது நாட்டு நாடாளுமன்றத்தை ‘தேர்ந்தெடுக்க’ச் சொல்கிறது, நடைமுறையை வகுக்கும் பொறுப்பை அந்தந்த நாடாளுமன்றத்திடமே விடுகிறது, ஆனால், தேர்ந்தெடுக்கப்படும் ஒன்பது பேரும் அவையில் இடம்பெற்ற கட்சிகள், வெவ்வேறு கருத்துப் போக்குகள், இரு பாலினங்கள், சிறப்பு நலன் கொண்ட பிற பிரிவினர் ஆகிய அனைவரையும் இயன்றவரை பிரதிபலிக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கிறது. தேர்தலும் நடக்க வேண்டும், பன்முகத்தன்மையும் கிடைக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தேர்தலைக் கைவிட்டால் என்னவாகும் என்பதற்குக் கென்யாவே சான்று. 2006இல் கட்சிகள் கொடுத்த பெயர்களை அவையின் அலுவல் குழு இறுதிசெய்தது. பட்டியல் அவையில் வைக்கப்பட்டதுமே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாகக் கொள்ளப்பட்டார்கள். வாக்களிப்பு என ஒன்று நடக்கவே இல்லை. கென்ய அரசியல்வாதி அன்யாங் நியோங்கோவும் வேறு சிலரும் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்தை நாடினர். அதே ஆண்டு நவம்பரில், அந்த ஒன்பது பேரை உறுப்பினர்களாக ஏற்பதற்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2007 மார்ச்சில் வந்த தீர்ப்பு, 50ஆம் பிரிவின் பொருளில் அங்கே தேர்தலே நடக்கவில்லை என்றும், கென்யாவின் விதிகள் அந்தப் பிரிவுக்கு முரணானவை என்றும் கூறியது. கட்சித் தலைமைகள் பேசி முடித்த பட்டியலுக்கு அவை தலையசைப்பது தேர்தல் ஆகாது என்பதை ஒவ்வொரு கொறடாவும் இந்தத் தீர்ப்பிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே, விதிகளை முன்கூட்டியே எழுதி, அவையில் விவாதித்து, நிறைவேற்றி, வெளியிட வேண்டும். வேட்பாளர்களின் பெயர்கள் உலவத் தொடங்கிய பிறகு எழுதப்படும் விதி எவருக்காக எழுதப்பட்டது என்ற சந்தேகத்தை எளிதில் எழுப்பும்.

அடுத்து, இடங்களைப் பிரிக்கும் முறை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒன்பது வாக்குகள் கொடுத்து, அதிக வாக்கு பெற்ற ஒன்பது பேரை அறிவிப்பது எல்லோருக்கும் சட்டென்று தோன்றும் வழி. ஆனால், மிகவும் தவறான வழியும் அதுவே. 300 பேர் கொண்ட அவையில் ஆளுங்கட்சிக்கு 160, முதன்மை எதிர்க்கட்சிக்கு 95, சிறிய கட்சி ஒன்றுக்கு 30, சுயேச்சைகளுக்கு 15 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 160 பேரும் கட்டுப்பாட்டுடன் வாக்களித்தால் ஒன்பது இடங்களும் அவர்களுக்கே போய்விடும். பல கட்சிகளின் பிரதிநிதித்துவத்தைக் கோரும் ஒப்பந்தம் அன்றே மீறப்பட்டுவிடும்.

விகிதாசாரமாகப் பிரித்தால் நிலைமை மாறுகிறது. 300ஐ 9ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 33 உறுப்பினர்கள் தேவை. ஆளுங்கட்சிக்கு 4.8, எதிர்க்கட்சிக்கு 2.85, சிறிய கட்சிக்கு 0.9, சுயேச்சைகளுக்கு 0.45 என்று கணக்கு வருகிறது. முழு எண்களை முதலில் கொடுத்தால் ஆறு இடங்கள் நிரம்பும். எஞ்சிய மூன்றையும் மீதம் அதிகமுள்ளவர்களுக்கு வரிசையாகக் கொடுத்தால், ஆளுங்கட்சிக்கு 5, எதிர்க்கட்சிக்கு 3, சிறிய கட்சிக்கு 1 என முடியும். சுயேச்சைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது வருத்தத்துக்குரியதுதான், ஆனால், வெறும் ஒன்பது இடங்களில் எல்லோரையும் அடக்கிவிட எந்தக் கணக்காலும் முடியாது. கூட்டணிகளைத் தனிக் கட்சிகளாகக் கொள்வதா, ஒரே அணியாகக் கொள்வதா என்பதையும் விதியிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசி ஓர் இடம் பெரும்பாலும் அதை வைத்தே கைமாறும்.

இடங்களைப் பிரித்த பிறகு வருவதுதான் கடினமான கேள்வி: எதிர்க்கட்சிக்கு உரிய மூன்று பேர் யார் என்பதை முடிவு செய்வது யார்? கட்சியே முடிவு செய்தால் கென்யாவில் நேர்ந்தது மீண்டும் நேரும். அவை முழுவதும் வாக்களித்தால், ஆளுங்கட்சியின் பெரும்பான்மை தனக்கு வசதியான, சாதுவான எதிர்க்கட்சியினரைப் பொறுக்கி எடுத்துவிடும். 2017இல் டான்சானியாவில் எதிர்க்கட்சியான சடேமா தனக்குரிய இரண்டு இடங்களுக்கு இரண்டே பேரை நிறுத்தியது. அவை அந்த இருவரையுமே நிராகரித்தது. பிறகு அக்கட்சி வேறு பெயர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. சரியாகத் தேவைப்பட்ட எண்ணிக்கையை மட்டும் அனுப்பிய கட்சியிடமும் குறை உண்டு. அடுத்த கட்சியின் தெரிவை முற்றாகத் தள்ளிய பெரும்பான்மையிடமும் குறை உண்டு.

இதிலிருந்து விடுபட இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வொரு கட்சியும் தன் இடங்களைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு பெயர்களை, முறையான உட்கட்சித் தேர்வுக்குப் பிறகு, அனுப்ப வேண்டும் என்று விதித்து, அவர்களிடையே அவை இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. இதில் தேர்தல் உண்மையானதாக இருக்கும். கட்சிக்கு ஏற்பில்லாதவர் வெல்லவும் முடியாது. என் பார்வையில் இதைவிடச் சிறந்தது ஒற்றை மாற்று வாக்கு முறை. உறுப்பினர் ஒருவருக்கு ஒரே வாக்கு. வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். 300 பேர் கொண்ட அவையில் 31 வாக்குகளை எட்டியவர் வெற்றி பெறுவார்; ஏனெனில், பத்துப் பேர் தலா 31 வாக்குகள் பெற முடியாது. உபரி வாக்குகளும் தோற்றவர்களின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். அப்போது எதிர்க்கட்சியின் பிரதிநிதிகளை எதிர்க்கட்சி உறுப்பினர்களின் வாக்குகளே தீர்மானிக்கும்; இடங்களைத் தனியாகப் பிரித்துக்கொடுக்க வேண்டிய தேவையும் இராது. எண்ணும் அலுவலர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பது மட்டுமே இதிலுள்ள சுமை.

பெண்களின் பிரதிநிதித்துவத்தை நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது. ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கென்ய அரசமைப்பின் கோட்பாட்டை ஒன்பது இடங்களுக்குப் பொருத்தினால், குறைந்தது மூன்று பெண்கள் இருக்க வேண்டும். இரண்டு பெண்கள் மட்டுமே வென்றால் எந்தக் கட்சியின் எந்த ஆண் விலகி, எந்தப் பெண்ணுக்கு வழிவிட வேண்டும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு அதைப் பேசினால் கசப்பே மிஞ்சும்.

வேட்பாளரின் தகுதியை ஒப்பந்தம் ஓரளவு வரையறுத்திருக்கிறது. அவர் அந்நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் தகுதி பெற்றிருக்க வேண்டும். அதே நேரத்தில் அதன் உறுப்பினராக இருக்கக் கூடாது. அமைச்சராகவோ கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தின் அலுவலராகவோ இருக்கக் கூடாது. சமூகத்தின் நோக்கங்களை முன்னெடுப்பதில் நிரூபிக்கப்பட்ட அனுபவமோ ஈடுபாடோ உள்ளவராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நடைமுறையில் எவரும் பொருட்படுத்துவதில்லை. பொதுத்தேர்தலில் தோற்ற மூத்தவருக்கு ஆறுதல் பரிசாகவோ, தலைமைக்கு வேண்டியவருக்கு ஐந்தாண்டு ஊதியமாகவோ இப்பதவி போய்ச் சேரும் ஆபத்து எப்போதும் உண்டு. இதைத் தடுக்க, வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொரு வேட்பாளரையும் திறந்த அமர்வில் பேசவைத்துக் கேள்வி கேட்க வேண்டும். 2005இல் தொடங்கிய சுங்க ஒன்றியம் எல்லையில் எங்கே தடுமாறுகிறது, 2010இல் நடைமுறைக்கு வந்த பொதுச் சந்தை நெறிமுறை தொழிலாளர்களுக்கு என்ன உறுதி அளித்தது, சமூகத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பேரவை எப்படி ஆராய வேண்டும் என்று கேட்டால் போதும். ஆயத்தமில்லாதவர் யார் என்பது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

வாக்கெடுப்பு நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: இரகசிய வாக்குச்சீட்டு, கட்சிகளின் முகவர்கள் முன்னிலையில் எண்ணிக்கை, ஒவ்வொருவரும் பெற்ற வாக்குகளோடு உடனடி அறிவிப்பு.

தகராறு எழுந்தால், ஒருவர் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாரா என்ற கேள்வியை, 52ஆம் பிரிவின்படி, நாட்டு நாடாளுமன்றத் தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் உள்நாட்டு அமைப்பே தீர்க்கும். விதிகளே ஒப்பந்தத்துக்கு முரணானவை என்ற முறையீடு அருஷாவிலுள்ள நீதிமன்றத்துக்குப் போகும். கென்ய வழக்கின் இடைக்கால உத்தரவுக்குப் பின் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் திருத்தம் அதற்கு இரண்டு மாதக் கெடு விதித்திருக்கிறது. எனவே, தேர்தலுக்கும் பேரவையின் பதவியேற்புக்கும் இடையே போதிய கால இடைவெளி இருக்கும்படி நாளைக் குறிக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்து அனுப்பியதோடு நாடாளுமன்றத்தின் பொறுப்பு முடிவதில்லை. பேரவை விவாதங்களின் பதிவுகள் நாட்டு நாடாளுமன்றங்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கே அவையின் முன் வைக்கப்பட வேண்டும் என்று 65ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பதிவுகளை விவாதிக்க ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒதுக்குவதற்கும், ஒன்பது பேரும் நாடாளுமன்றக் குழு முன் தோன்றி விளக்கம் அளிப்பதற்கும் தேர்தல் விதிகளிலேயே வழிசெய்யலாம். ஓர் உறுப்பினர் ஐந்தாண்டுகள் பதவி வகித்த பின் இன்னும் ஒரு முறை மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட முடியும். அவர் மறுபடி வேட்பாளராக வந்து நிற்கும்போது, அருஷாவில் அவர் என்ன பேசினார், எந்தச் சட்டமுன்வரைவைக் கொண்டுவந்தார், எத்தனை அமர்வுகளுக்கு வரவில்லை என்ற குறிப்பு வாக்களிப்பவர்களின் மேசையில் இருக்க வேண்டும்.